கடையில் கூட்டம், பங்கில் சரிவு: ஏன் இப்படி?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. கம்ப்யூட்டர் கம்பெனிகளின் விற்பனைச் செய்தி, காலாண்டு முடிவு, அதைக் கேட்டதும் முதலீட்டாளர்கள் நடந்துகொள்ளும் விதம். தங்க நகைச் சீட்டு, பிபிஎஃப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், ஆப்பிள் பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறேன். விற்பனையில் சாதனை, லாபத்தில் சாதனை என்று செய்தி வருகிறது, மறுநாள் பார்த்தால் விலை இறங்கியிருக்கிறது. வேறொரு முறை விற்பனை சுமார் என்கிறார்கள், விலை ஏறுகிறது. இதில் என்ன நியாயம்?
(குரோம்பேட்டை வாசகர்)

பதில்: நியாயம் இருக்கிறது, ஆனால் அது செய்தித் தலைப்பில் தெரியாது. நடந்து முடிந்த விற்பனைக்குச் சந்தை மார்க் போடுவதில்லை. இவ்வளவு வரும் என்று எல்லோரும் முன்கூட்டியே நம்பி, அந்த நம்பிக்கையை விலையில் ஏற்றி வைத்திருப்பார்கள். அதற்கும் கையில் வந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் விலை நகர்கிறது. கோயம்பேடு பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு முன்பே மல்லி விலை ஏறிவிடும், அன்று காலை கூட்டம் அலைமோதினாலும் எதிர்பார்த்த கூட்டம்தான் என்றால் விலை அதற்கு மேல் போகாது. பங்குச் சந்தையில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வரப்போகும் மூன்று மாதத்தைப் பற்றி நிர்வாகம் என்ன சொல்கிறது என்பதற்கு, போன மூன்று மாதத்தின் கணக்கைவிட எடை அதிகம்.

2006 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். 10-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் மேக்வேர்ல்டு கண்காட்சி மேடையில் அப்போதைய ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், முறையான காலாண்டு முடிவு வருவதற்கு முன்பே சில எண்களைச் சொன்னார். பண்டிகைக் காலாண்டில் வருவாய் சுமார் 570 கோடி டாலர், பாட்டுக் கேட்கும் ஐபாட் விற்றது 1 கோடியே 40 லட்சம், கம்பெனியின் சொந்தக் கடைகளில் மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் வியாபாரம். அன்றே பங்கு 6 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 13-ம் தேதி சந்தை முடியும்போது ஆப்பிளின் மொத்தச் சந்தை மதிப்பு 7,213 கோடி டாலர், போட்டிக் கம்ப்யூட்டர் கம்பெனியான டெல்லுடையது 7,197 கோடி டாலர். 1997-ல் ஆப்பிள் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, நானாக இருந்தால் கம்பெனியை மூடிவிட்டுப் பங்குதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பேன் என்ற பொருளில் பேசியவர் அந்த டெல் கம்பெனியை நிறுவிய மைக்கேல் டெல். அதை நினைவுபடுத்தி ஜாப்ஸ் அன்று ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதிலேயே பங்கு ஏறும் இறங்கும், நாளை நிலைமை வேறாக இருக்கலாம் என்றும் எழுதினார். அந்த எச்சரிக்கைதான் எனக்கு அந்தக் கடிதத்தில் பிடித்த பகுதி.

ஏனென்றால் 18-ம் தேதி முறையான முடிவு வந்தது. வருவாயிலும் லாபத்திலும் அதுவரை இல்லாத உச்சம், நிகர லாபம் 56.5 கோடி டாலர். ஆனால் அடுத்த காலாண்டுக்கு நிர்வாகம் சொன்ன வருவாய் 430 கோடி டாலர்தான், சந்தை அதைவிடக் கூடுதலாக எதிர்பார்த்திருந்தது. மேக் கம்ப்யூட்டர்கள் பழைய சிப்பிலிருந்து இன்டெல் சிப்புக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் வேறு, புது மாடல் வரட்டும் என்று வாடிக்கையாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்களோ என்ற பயம். மறுநாள் பங்கு இறங்கியது. நல்ல செய்தி 10-ம் தேதியே விலையில் ஏறிவிட்டது, 18-ம் தேதி புதிதாகத் தெரிந்தது அந்த 430 மட்டும்தான்.

2013 ஜனவரி இதைவிடக் கடுமையானது. டிசம்பர் காலாண்டில் வருவாய் 5,450 கோடி டாலர், லாபம் 1,310 கோடி டாலர், ஐபோன் 4 கோடியே 78 லட்சம். மறுநாள் பங்கு 12 சதவீதம் சரிந்து 514 டாலரிலிருந்து 450 டாலர் அளவுக்கு வந்தது. உள்ளே பார்த்தால் காரணங்கள் கிடக்கின்றன. வருவாய் 18 சதவீதம் கூடியும் லாபம் முந்தைய ஆண்டின் அளவிலேயே நின்றது. 100 டாலர் விற்றால் பொருளின் அடக்கச் செலவு போக நிற்கும் மொத்த லாபம் 44.7 டாலரிலிருந்து 38.6 டாலருக்குக் குறைந்திருந்தது. மேக் விற்பனையும் 52 லட்சத்திலிருந்து 41 லட்சத்துக்கு இறங்கியது, புது ஐமேக் தாமதமாகத்தான் கடைக்கு வந்தது.

ஆனால் தலைப்பை மட்டும் படித்தவர்கள் தவறவிட்ட ஒரு விவரமும் அதே அறிக்கையில் இருந்தது. முந்தைய ஆண்டின் அந்தக் காலாண்டில் 14 வாரங்கள், இந்த முறை 13 வாரங்கள்தான். ஆப்பிளின் நிதியாண்டு செப்டம்பரின் கடைசி சனிக்கிழமை முடிவதால் சில ஆண்டுகளில் ஒரு வாரம் கூடுதலாக வரும். வாரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் 330 கோடி டாலரிலிருந்து 420 கோடி டாலராகக் கூடியிருந்தது. வியாபாரம் படுத்துவிட்டது என்று அன்று பேசியவர்கள் இதைக் கணக்கில் எடுத்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அன்று 450 டாலருக்கு வாங்கி விற்காமல் வைத்திருந்தால், 2014-ல் ஒன்றுக்கு ஏழாகவும் 2020-ல் ஒன்றுக்கு நான்காகவும் பங்கைப் பிரித்ததில் அந்த ஒரு பங்கு 28 ஆகியிருக்கும், அதாவது இன்றைய கணக்கில் ஒன்று 16 டாலர் சொச்சத்துக்கு வாங்கியது போல. இதைப் படித்துவிட்டு, ஒவ்வொரு சரிவிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேட்வே என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது, மாட்டுத் தோல் புள்ளி போட்ட பெட்டியில் வரும், அமெரிக்காவில் ஊருக்கு ஊர் சொந்தக் கடை. அதன் பங்கும் இறங்கியது, இறங்கும்போதெல்லாம் வாங்கியவர்களும் இருந்தார்கள். 2004-ல் மிச்சமிருந்த கடைகளை எல்லாம் மூடியது, 2007-ல் ஏசர் அதை வாங்கிக்கொண்டது.

கேள்வி: ஐயா, மாலுக்குப் போகும்போதெல்லாம் லேப்டாப், போன் ஷோரூமில் நிற்க இடமில்லை. கண்ணால் பார்க்கும் இந்தக் கூட்டத்தைவிட நல்ல சாட்சி வேண்டுமா? அந்தக் கம்பெனிப் பங்கை வாங்கலாம் அல்லவா?
(அண்ணா நகர் வாசகி)

பதில்: அம்மா, கண்ணால் பார்ப்பது பொய் இல்லை. ஆனால் நீங்கள் பார்ப்பது ஒரு ஊரின் ஒரு கடையில் ஒரு மாலை நேரம். ஆப்பிளையே எடுத்துக்கொண்டால், 2024 நிதியாண்டில் மொத்த விற்பனை சுமார் 39,100 கோடி டாலர். அதில் கம்பெனி தன் கடை, தன் இணையதளம், தன் விற்பனை ஆட்கள் மூலம் நேரடியாக விற்றது 38 சதவீதம், மீதி 62 சதவீதம் தொலைபேசி நிறுவனங்கள், மொத்த வியாபாரிகள், மறுவிற்பனையாளர்கள் வழியாகப் போனது. மேக் கம்ப்யூட்டரின் பங்கு மொத்தத்தில் 8 சதவீதத்தைத் தொடவில்லை. ஆக, லேப்டாப் மேஜையைச் சுற்றி நிற்கும் கூட்டம் உண்மையாகவே வாங்கினாலும் மொத்தக் கணக்கில் அது எவ்வளவு நகர்த்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் முக்கியமானது, இதை ரிச்சி தெருவில் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலாண்டு முடியும் கடைசி வாரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து போன் மேல் போன் வரும். இன்னும் இத்தனை பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்கீம் தருகிறோம், டார்கெட் முடிந்தால் கூடுதல் மார்ஜின் என்பார்கள். டீலர் எடுத்துக் கடைக்குப் பின்னால் அடுக்கி வைப்பார். பொதுவாகச் சரக்கு வியாபாரி கைக்குப் போனதுமே கம்பெனியின் கணக்கில் அது விற்பனை ஆகிவிடும், கடைசியில் ஒரு கல்லூரிப் பிள்ளை அந்த லேப்டாப்பை வாங்கினாளா இல்லையா என்பது வேறு கதை. அது அப்படியே தேங்கினால் அடுத்த காலாண்டில் டீலர் புதுச் சரக்கு எடுக்க மாட்டார், அப்போது கம்பெனியின் விற்பனை தடாலென்று விழும். கடையில் கூட்டம் அப்போதும் அப்படியேதான் இருக்கும்.

அதனால் கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்கு வைத்திருப்பவர்கள் விற்பனை எண்ணைப் பார்த்த கையோடு வியாபாரிகளிடம் எத்தனை வாரச் சரக்கு தேங்கியிருக்கிறது என்ற பேச்சு அறிக்கையிலோ நிர்வாகத்தின் விளக்கத்திலோ வருகிறதா என்று தேட வேண்டும். கூட்டத்தைப் பார்ப்பது ஒரு கம்பெனியைப் பற்றி விசாரிக்கத் தொடங்க நல்ல காரணம். வாங்குவதற்கு அது மட்டும் போதாது.

கேள்வி: ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். ஏதோ ஒரு ஆய்வு நிறுவனம் கம்ப்யூட்டர் விற்பனை 40 சதவீதம் விழுந்துவிட்டது என்று அறிக்கை விடுகிறது, உடனே பங்கு ஆடுகிறது. இவர்களுக்கு யார் கணக்கு கொடுக்கிறார்கள்? நம்பலாமா?
(மேற்கு மாம்பலம் வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வது 2023 ஏப்ரல் செய்தி என்று நினைக்கிறேன். அந்த ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் அனுப்பீடு, அதாவது கம்பெனிகள் கடைகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பிய எண்ணிக்கை, 29 சதவீதம் குறைந்தது, ஆப்பிளுக்கு 40.5 சதவீதம் குறைந்தது என்று ஐடிசி என்ற ஆய்வு நிறுவனம் சொன்னது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு ஒன்று இரண்டு என்று எல்லோரும் வாங்கிவிட்டார்கள், அதற்குப் பிறகு வந்த வறட்சி அது.

அடுத்த மாதம் 4-ம் தேதி ஆப்பிளின் சொந்தக் கணக்கு வந்தது. மேக் வருவாய் 31 சதவீதம் குறைந்து 717 கோடி டாலர். சரிவு உண்மைதான், ஆனால் அளவு வேறு. ஐடிசி எண்ணுவது பெட்டிகளை, கம்பெனி சொல்வது டாலரை. 2018 நவம்பரில் ஆப்பிள் இனிமேல் எத்தனை மேக், எத்தனை ஐபோன் என்ற எண்ணிக்கையைச் சொல்லப்போவதில்லை என்று அறிவித்ததிலிருந்து வெளியாட்களின் மதிப்பீட்டைச் சரிபார்க்க நமக்கு நேரடி வழி இல்லை. மதிப்பீடு செய்பவர்களுக்குள்ளும் எதை கம்ப்யூட்டர் என்று எண்ணுவது, எதை விடுவது என்பதில் வித்தியாசம் உண்டு.

சரி, அந்த முடிவுக்குப் பங்கு என்ன செய்தது தெரியுமா? மறுநாள் 4 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மேக் அடிவாங்கியது எல்லோருக்கும் ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது, ஐபோன் வருவாய் குறையும் என்று பயந்திருந்த இடத்தில் அது கொஞ்சம் கூடி 5,130 கோடி டாலர் வந்தது. வங்கியில் இருந்தவர் நீங்கள், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தணிக்கை செய்யாத எண்ணுக்கும் கம்பெனி கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்யும் எண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று. ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையைப் போக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள். அந்தச் சதவீதத்தை வைத்து விற்க ஓடாதீர்கள்.

கேள்வி: முடிவுகள் நம்ம ஊர் நேரப்படி நடு இரவில் வருகின்றன. நண்பர்கள் சிலர் விழித்திருந்து, செய்தி வந்த நொடியில் வாங்கி விற்றுச் சம்பாதிப்பதாகச் சொல்கிறார்கள். நானும் முயற்சி செய்யலாமா?
(வேளச்சேரி வாசகர், ஐடி ஊழியர்)

பதில்: வேண்டாம் தம்பி. காரணத்தையும் சொல்கிறேன். அமெரிக்கச் சந்தை நம் நேரப்படி கோடையில் இரவு 1.30 மணிக்கும் குளிர்காலத்தில் 2.30 மணிக்கும் மூடுகிறது. ஆப்பிளின் முடிவு வழக்கமாக அதற்கு அரை மணி நேரம் கழித்து வரும், அதற்கும் அரை மணி நேரம் கழித்துத்தான் நிர்வாகம் ஆய்வாளர்களோடு பேசும் தொலைபேசிக் கூட்டம். முதல் அறிவிப்பில் முடிந்த காலாண்டின் கணக்கு இருக்கும், விலையைத் திருப்பிப் போடும் அடுத்த காலாண்டுப் பேச்சு பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் வரும். சந்தை மூடிய பிறகு நடக்கும் வியாபாரத்தில் ஆட்கள் குறைவு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். முதல் பத்து நிமிடத்தில் 3 சதவீதம் ஏறிய பங்கு கூட்டம் முடியும்போது 3 சதவீதம் இறங்கி நிற்பது சாதாரணம். அந்த அறிவிப்பை இயந்திரங்கள் படித்து ஆர்டர் போட்டு முடித்த பிறகுதான் உங்கள் திரையில் எழுத்தே தெரியும்.

விழும் அளவும் உங்கள் கையில் இல்லை. 2000 செப்டம்பர் 28-ம் தேதி மாலை, எதிர்பார்த்த விற்பனை வராது என்று ஆப்பிள் ஒரு எச்சரிக்கை விட்டது, மறுநாள் ஒரே நாளில் பங்கு பாதிக்கு மேல் கரைந்தது. 2019 ஜனவரியில் ஆப்பிளின் அப்போதைய தலைமை அதிகாரி டிம் குக் ஒரு கடிதம் எழுதி, 8,900 முதல் 9,300 கோடி டாலர் என்று சொல்லியிருந்த காலாண்டு வருவாய் 8,400 கோடிதான் வரும் என்றார், சீனாவில் விற்பனை மந்தம் என்பது பெரிய காரணம், மறுநாள் 10 சதவீதம் போயிற்று. இப்படிப்பட்ட இரவுகளில் ஸ்டாப் லாஸ், அதாவது இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆர்டர், போட்டிருந்தாலும் நீங்கள் குறித்த விலையில் விற்காது, அமெரிக்காவில் மறுநாள் காலை சந்தை திறக்கும்போது கிடைக்கும் விலையில்தான் போகும்.

கடன் வாங்கி, மார்ஜின் போட்டு, அதாவது ஒரு பகுதிப் பணத்தை மட்டும் புரோக்கரிடம் கட்டி, வெளிநாட்டில் வியாபாரம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே கேட்காதீர்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், ஆனால் வெளிநாட்டுச் சந்தையில் மார்ஜின் கட்டுவதற்கு அனுப்ப அனுமதி இல்லை. தூங்குங்கள், காலையில் முழு அறிக்கையையும் படியுங்கள். உங்கள் பத்து வருடத் திட்டத்தில் அந்த ஆறு மணி நேரத்தால் ஒன்றும் குடிமுழுகாது.

கேள்வி: எங்கள் பகுதித் தொழிற்சாலைகளில் ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், பஸ் மேல் பஸ் ஓடுகிறது. உற்பத்தி இவ்வளவு கூடினால் அந்தக் கம்பெனியின் பங்கு ஏறத்தானே வேண்டும்?
(ஸ்ரீபெரும்புதூர் வாசகர்)

பதில்: ஏற வேண்டும் என்று இல்லை. அங்கே பொருத்தித் தருவது பெரும்பாலும் ஒப்பந்த உற்பத்தியாளர்கள், கம்பெனி வேறு. அதைவிட முக்கியம், சீனாவில் பொருத்திக்கொண்டிருந்ததை இங்கே பொருத்தினால் உலகத்தில் விற்கும் மொத்த எண்ணிக்கை கூடிவிடாது. 2025 மே மாதம் ஆப்பிள் முடிவு அறிவித்தபோது, அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பகுதி அந்தக் காலாண்டில் இந்தியாவில் செய்ததாக இருக்கும் என்று டிம் குக் சொன்னார். நமக்குப் பெரிய செய்தி, காஞ்சிபுரம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது அதனால், முக்கியமாக எத்தனை பெண் பிள்ளைகளுக்கு முதல் சம்பளம். பங்குச் சந்தை கவனித்தது அதே கூட்டத்தில் சொன்ன வேறொரு எண்ணை. இறக்குமதி வரிகளால் அந்தக் காலாண்டில் 90 கோடி டாலர் கூடுதல் செலவு வரலாம் என்றார், மறுநாள் பங்கு 4 சதவீதத்துக்குக் கிட்டத்தில் இறங்கியது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைக்குள் வேலை செய்பவருக்குத் தெரியும் உற்பத்தி எண்ணிக்கை, புது மாடல் விவரம் எல்லாம் வெளியே வராத தகவல். அதை வைத்துப் பங்கு வாங்குவதும், வாங்கச் சொல்லி அடுத்தவரிடம் சொல்வதும் சட்டப்படி குற்றமாகலாம், வேலையும் போகும். தெரிந்தவர் யாராவது காதோடு காதாகச் சொன்னால் கேட்டதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் வேலை. சம்பளத்தோடு பங்கும் தருகிறார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் விலை ஆடும்போது வயிற்றைக் கலக்குகிறது. விற்பதா, வைப்பதா?
(திருவான்மியூர் வாசகி)

பதில்: உங்கள் கேள்விக்கு விலையை வைத்துப் பதில் சொல்ல மாட்டேன். உங்கள் சம்பளம், வருடக் கடைசி போனஸ், மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்த ஒரே கம்பெனியிடமிருந்து வருகின்றன. சேமிப்பும் அதே இடத்தில் என்றால், வியாபாரம் மோசமாகும் ஆண்டில் பங்கும் விழும், ஆட்குறைப்பும் வரும், இரண்டும் ஒரே மாதத்தில் வரலாம். அதனால் பங்கு கைக்கு வரும்போதெல்லாம் ஒரு பகுதியை விற்று வேறு இடத்தில் போடுவது என்று ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள், முடிவு நன்றாக வந்தாலும் மோசமாக வந்தாலும் அதே விதி. எவ்வளவு என்பது உங்கள் கடன், பிள்ளைகளின் படிப்பு, வீட்டு நிலைமையைப் பொறுத்தது, ஆனால் மொத்தச் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் இருந்தால் எனக்குக் கவலையாக இருக்கும். முடிவு வருவதற்கு முந்தைய வாரங்களில் ஊழியர்கள் விற்கக் கூடாது என்று பல கம்பெனிகளில் தடைக்காலம் உண்டு, உங்கள் அலுவலக விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பங்கு உங்கள் பெயருக்கு வரும் நாளில் அதன் மதிப்பு சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். பிறகு விற்கும்போது கிடைக்கும் கூடுதல் லாபத்துக்கு, 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம். டிவிடெண்டில் அமெரிக்காவிலேயே 25 சதவீதம் பிடித்துவிடுவார்கள், அதை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம், அதற்குத் தனிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்தப் பங்குகளை ஒவ்வொரு ஆண்டும் காட்ட வேண்டும், அதுவும் ஏப்ரல்-மார்ச் கணக்கில் இல்லை, ஜனவரி-டிசம்பர் கணக்கில். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமிருக்கிறது. 20 லட்சம் ரூபாய் வரையிலான அசையும் சொத்துக்கு 2024 அக்டோபரிலிருந்து அந்த அபராதத்தில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் காட்ட வேண்டும் என்ற கடமை அப்படியேதான் இருக்கிறது.

கடைசியாக, வீட்டில் பேசத் தயங்கும் ஒன்று. அமெரிக்கக் குடிமகனாகவும் அங்கே நிரந்தரமாக வசிப்பவராகவும் இல்லாத ஒருவர் இறக்கும்போது அவர் பெயரில் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்குகள் இருந்தால், அதற்கு மேற்பட்ட தொகைக்கு அந்த நாட்டு வாரிசுச் சொத்து வரி வரும், உச்ச விகிதம் 40 சதவீதம். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வருமான வரிக்கு ஒப்பந்தம் இருக்கிறது, இந்த வரிக்கு இல்லை. வருடக் கணக்கில் பங்கைச் சேர்த்துக்கொண்டே போகும் ஊழியர்கள் அந்த எல்லையைத் தங்களுக்குத் தெரியாமலேயே தாண்டிவிடுகிறார்கள். இதை உங்கள் கணவரிடமோ பெற்றோரிடமோ இன்றைக்கே சொல்லி வையுங்கள், கணக்கு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து.

கேள்வி: மும்பை, டெல்லி, பெங்களூரு, புனே என்று ஆப்பிள் சொந்தக் கடை திறந்துகொண்டே போகிறது. கடை திறப்பது லாபமா, செலவா?
(புரசைவாக்கம் வாசகர்)

பதில்: முதலில் செலவு. 2001 மே 19-ல் வர்ஜீனியாவிலும் கலிபோர்னியாவிலும் முதல் இரண்டு கடைகளைத் திறந்தபோது, கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எதற்கு இந்த வேலை என்றுதான் வியாபாரப் பத்திரிகைகள் எழுதின. அப்போது கேட்வே தன் கடைகளால் தவித்துக்கொண்டிருந்தது, கடையே இல்லாமல் நேரடியாக விற்ற டெல்தான் எல்லோருக்கும் உதாரணம். 2004 நிதியாண்டில் ஆப்பிள் கடைகளின் விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியது. 2023 ஏப்ரலில் இந்தியாவில் திறந்த கடைகளின் பலன் பங்கு விலையில் தனியாகத் தெரியாது, கடைகளின் கணக்கைத் தனியாகச் சொல்வதையும் கம்பெனி நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. திறப்பு விழாப் படத்தைப் பார்த்துப் பங்கு வாங்க எந்தக் காரணமும் இல்லை.

கேள்வி: நான் தணிக்கைத் துறையில் இருந்தவன். பெரிய கம்பெனிகளின் முடிவு அறிக்கைகளை நீங்கள் முழுக்க நம்பச் சொல்வது போலத் தெரிகிறதே?
(நங்கநல்லூர் வாசகர்)

பதில்: முழுக்க நம்பச் சொல்ல மாட்டேன் ஐயா. டெல் கதை உங்களுக்கு நினைவிருக்கும். வருடக் கணக்கில் காலாண்டுக்குக் காலாண்டு எதிர்பார்ப்பைத் தொட்டுக்கொண்டே வந்தது, முதலீட்டாளர்கள் அதன் சிக்கனத்தையும் திறமையையும் கொண்டாடினார்கள். 2010-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் போட்ட வழக்கில் வெளிவந்தது என்னவென்றால், தன் போட்டிக் கம்பெனியின் சிப்பை டெல் பயன்படுத்தாமல் இருப்பதற்காக இன்டெல் கொடுத்த பணம் அந்த லாபத்தில் கணிசமான பகுதி, 2007 நிதியாண்டின் முதல் காலாண்டில் செயல்பாட்டு லாபத்தில் 76 சதவீதம். அதை முதலீட்டாளர்களிடம் சொல்லவில்லை. அந்தப் பணம் நின்றதும் லாபம் விழுந்தது, அதற்கு வேறு காரணங்களைச் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் கம்பெனி 10 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

இதில் எனக்கு உறைப்பது, அந்தக் காலத்தில் எண்ணைப் பார்த்துப் பங்கை வாங்கிய சாதாரண மனிதருக்குக் கண்டுபிடிக்க வழியே இருந்திருக்காது என்பதுதான். ஒரு கம்பெனி ஒவ்வொரு காலாண்டும் எதிர்பார்ப்பைச் சில காசு வித்தியாசத்தில் தாண்டிக்கொண்டே இருந்தால், அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் வேண்டும். லாபம் கூடுகிறதே, கையில் வரும் ரொக்கமும் கூடுகிறதா? சரக்கு இருப்பு விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா? ஒருமுறை மட்டும் வந்த வரவோ செலவோ உள்ளே இருக்கிறதா? கடைசிக் கேள்வி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2024 செப்டம்பர் காலாண்டில் ஆப்பிளின் லாபம் பெரிதாகக் குறைந்தது, ஐரோப்பிய வரி வழக்குத் தீர்ப்பால் ஒரே தடவையில் 1,020 கோடி டாலரைச் செலவாக எழுத வேண்டி வந்ததுதான் காரணம், விற்பனை அந்தக் காலாண்டில் வளர்ந்துதான் இருந்தது.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவன், பி.காம் இரண்டாம் ஆண்டு. இந்த அறிக்கைகளை எல்லாம் காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டுமா? ஆங்கிலம் பயமாக இருக்கிறது.
(வியாசர்பாடி வாசகர்)

பதில்: ஒரு பைசா வேண்டாம். கம்பெனியின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதி இருக்கும், அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் எட்கர் தளத்திலும் எல்லாம் இலவசம். ஆங்கில உரைநடையை முதலில் விட்டுவிடுங்கள். கணக்கு அட்டவணை மூன்றுதான், வரவு செலவு, சொத்து பொறுப்பு, ரொக்க ஓட்டம். பி.காமில் நீங்கள் படிக்கும் அதே வடிவம், தலைப்புகள்கூடப் பெரிதாக மாறாது. ஒரே கம்பெனியை எடுத்துக்கொண்டு கடந்த எட்டு காலாண்டுகளின் விற்பனை, மொத்த லாப விகிதம், சரக்கு இருப்பு, ரொக்கம் ஆகியவற்றை ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். பக்கத்தில் முடிவு வந்த மறுநாள் பங்கு எவ்வளவு ஏறியது, இறங்கியது என்றும் எழுதுங்கள். பணம் எதுவும் போடாமல் ஒரு வருடம் இதைச் செய்யுங்கள். புரியாத வரி எதுவாக இருந்தாலும் அப்படியே எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள் தம்பி, உங்கள் கேள்விக்கு முதலில் இடம் தருகிறேன்.